தீர்மானப் புத்தகம் வந்த வழி

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் கடம்பத்தூர் வந்துவிடும். இன்று அரசுப் பள்ளிகளில் பெற்றோர் தலைமையில் பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்.எம்.சி.) கூடுகிறது, தீர்மானம் போடுகிறது, வரவு செலவைப் பார்க்கிறது. இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடிப் போனால், வழியில் கட்டாயம் இறங்க வேண்டிய ஊர்களில் ஒன்று இந்தக் கடம்பத்தூர்.

1958-ல் இந்தப் பகுதி செங்கற்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்தான். காமராசர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநர். ஊருக்கு ஊர் பள்ளி திறக்க வேண்டும் என்ற வேகத்தில் பள்ளிகள் பெருகிவிட்டன. ஆனால் பல பள்ளிகளுக்குச் சொந்தக் கூரை கிடையாது. கரும்பலகை தேய்ந்திருக்கும், உட்காரப் பலகை இருக்காது, குடிக்கத் தண்ணீர்ப் பானைகூட இருக்காது. எல்லாவற்றையும் அரசுப் பணத்தில் செய்து முடிப்பதென்றால் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். எனவே கல்வித் துறை ஊராரிடம் போயிற்று. ஒரு வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று ஆசிரியரும் ஊராரும் சேர்ந்து பட்டியல் எழுதினார்கள். யார் எதைத் தருவது என்று பேசி முடித்தார்கள். பிறகு ஒரு நாள் மாநாடு கூட்டி, கொடுத்தவர்களை மேடையில் ஏற்றி மரியாதை செய்தார்கள். பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று பெயர். அதன் சோதனைக் களமாக அமைந்த வட்டாரம் கடம்பத்தூர். அங்கே பலித்ததும் மாநிலம் முழுவதும் மாநாடுகள் நடந்தன. நிலம் கொடுத்தவர் உண்டு, கட்டடம் கட்டிக் கொடுத்தவர் உண்டு, சுவர்க் கடிகாரமும் சீருடையும் வாங்கித் தந்தவர் உண்டு. சில ஆண்டுகளில் நன்கொடையின் மதிப்பு கோடிகளைத் தொட்டது.

மதிய உணவும் அதே கைகளால்தான் நிலைபெற்றது. முதலில் ஊர்ச் செலவில் தொடங்கிய திட்டம் அது. 1957-ல் அரசு மானியம் வந்தபோது, ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா என்று கணக்குப் போட்டு, ஆறு பைசா அரசும் நாலு பைசா ஊரும் ஏற்பதாக ஏற்பாடு. அந்த நாலு பைசாவைத் திரட்டவே உள்ளூரில் குழு வேண்டியிருந்தது. அரிசி யார் வீட்டிலிருந்து வந்தது, விறகு யார் போட்டது என்று எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டியிருந்தது. அரசுப் பள்ளியை ஊர் தன் பள்ளியாக எண்ணத் தொடங்கியது அந்த நோட்டிலிருந்துதான் என்பது என் துணிபு.

ஆனால் அந்த நாட்களின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஊர் கொடுத்தது; கேள்வி கேட்கும் உரிமை ஊருக்கு எழுதித் தரப்படவில்லை. கொடுக்க இருந்தவரே மேடையில் உட்கார்ந்தார். கூலி வேலைக்குப் போன தாய்க்கு, அவள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தாலும், அங்கே நாற்காலி கிடையாது.

1960-களில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வந்தது. ஊர் வழக்கில் பி.டி.ஏ. இது அரசுப் பள்ளிக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய் ஆறு மாதம் ஆள் வராதபோது, கழகப் பணத்தில் ஒருவரை வைத்துப் பத்தாம் வகுப்பைக் கரையேற்றிய பள்ளிகள் ஏராளம். 'பி.டி.ஏ. டீச்சர்' என்றே அவர்களுக்குப் பெயர். சொற்பச் சம்பளத்துக்கு வந்து பாடம் நடத்திய அந்த இளைஞர்களால்தான் பல பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதித்தார்கள். ஆனால் கழகத்தின் தலைவர் நாற்காலி பல இடங்களில் ஊர்ப் பெரியவருக்கோ கட்சிக்காரருக்கோ போயிற்று. அவர் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லாமல் காலம் ஓடியது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கு 1973-ஆம் ஆண்டு ஒழுங்காற்றுச் சட்டம் பள்ளிக் குழு ஒன்றைக் கட்டாயமாக்கியது. நிர்வாகத்தின் பிரதிநிதிகளும் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். அரசுப் பள்ளிக்குச் சட்டத்தின் பெயரால் ஒரு குழு வாய்க்க, அதற்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில், அனைவருக்கும் கல்வித் திட்டத்தில், கிராமக் கல்விக் குழு வந்தது. அதற்கு ஊராட்சித் தலைவர் தலைவர். மராமத்துப் பணமும் பள்ளி மானியமும் அதன் வழியாக வந்தன. திட்டம் இருக்கும்வரை குழு இருக்கும் என்ற நிலைதான்.

நிலைமையை மாற்றியது 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு சில வரிகள்தான். ஆனால் அரசுப் பள்ளியின் நாற்காலி வரிசையையே அது மாற்றிப் போட்டது. அது அமைக்கச் சொன்ன பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர், அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, அரசோ வேறு யாரோ தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அதன் வேலை.

அதே ஆண்டு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளைப் படித்தால் குழு எப்படி மூச்சு விட வேண்டும் என்பது இன்னும் தெளிவாகும். மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோரிலிருந்துதான். தலைமையாசிரியர் கூட்டுநர், தலைவர் அல்ல. இரண்டாண்டுக்கு ஒரு முறை குழுவைத் திருத்தி அமைக்க வேண்டும். நடவடிக்கைக் குறிப்புகளை முறையாக எழுதி, பொதுமக்கள் பார்க்கக் கொடுக்க வேண்டும். மேம்பாட்டுத் திட்டத்தை மூன்றாண்டுக்குப் போட வேண்டும். அதில் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், கூடுதல் ஆசிரியர் எத்தனை பேர், கட்டடம் எவ்வளவு, பணம் எவ்வளவு என்று எழுத வேண்டும். தலைவரோ துணைத் தலைவரோ ஒருவரும் கூட்டுநரும் கையெழுத்திட்டு, நிதியாண்டு முடிவதற்கு முன்பே அனுப்ப வேண்டும். ஆசிரியர்களின் வருகையைக் கவனிப்பது குழுவின் கடமை. ஆசிரியர்கள் தலையில் பாடம் சாராத வேலைகள் சுமத்தப்படாமல் பார்ப்பதும் அதன் கடமைதான். இந்த இரண்டாவது கடமையை எந்தக் கூட்டத்திலும் யாரும் எடுத்துப் பேசுவதில்லை என்பது வருத்தமான உண்மை. தமிழ்நாடு தன் விதிகளை 2011-ல் வகுத்தது.

உயர்நிலைப் பள்ளியின் கதை இங்கேதான் பிரிகிறது. கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினாலு வயது வரைக்கும்தான். எட்டாம் வகுப்போடு அதன் கை நின்றுவிடுகிறது. ஒன்பதும் பத்தும் 2009-ல் தொடங்கிய இடைநிலைக் கல்வித் திட்டத்தின் கீழ் வந்தன. அந்தத் திட்டத்துக்குப் பள்ளி மேலாண்மை மற்றும் மேம்பாட்டுக் குழு என்று தனிக் குழு. திட்ட வழிகாட்டுதலில் அதற்குத் தலைமையாசிரியரே தலைவர். பள்ளி மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய், சிறு பழுதுக்கு 25,000 ரூபாய் அதன் கணக்கில் வந்தது. ஆக ஒரே வளாகத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவுக்குச் சட்டம் கொடுத்த இடம், அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் வெறும் திட்ட விதியாகச் சுருங்கியது. 2018-ல் அனைவருக்கும் கல்வித் திட்டமும் இந்த இடைநிலைக் கல்வித் திட்டமும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் கலந்தன. ஆனால் மேல் வகுப்புகளுக்குச் சட்டத்தின் காப்பு இன்றும் வரவில்லை.

2022 இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்திருந்த நேரம். மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, தமிழகம் முழுவதும் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோரைக் கூப்பிட்டு, குழு என்றால் என்ன என்று விளக்கினார்கள். 'நம் பள்ளி நம் பெருமை' என்பது அந்த இயக்கத்தின் பெயர். அதன் பிறகு உறுப்பினர் தேர்வு. இருபது பேர் கொண்ட குழுவில் பதினைந்து பேர் பெற்றோர். தலைவர் பதவி ஒரு தாய்க்கு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். தீர்மானங்களைக் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 2024-ல் மறுபடி அமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

அதே 2022-ல் குழுவின் தலையில் ஒரு பெரிய பாரமும் ஏறியது. அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தது. மாதச் சம்பளம் முதலில் அறிவித்தபடி 7,500 முதல் 12,000 ரூபாய் வரை. இந்த முடிவை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. தகுதித் தேர்வு எழுதிக் காத்திருந்தவர்கள், தற்காலிக நியமனம் ஏன் என்று கேட்டது நியாயமானது. ஆசிரியரை அமர்த்தும் பொறுப்பு அரசுடையது. அதை ஊர்த் தாய்மார்களின் கையெழுத்துக்குக் கீழே தள்ளிவிட்டு, அதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர் வைக்கக் கூடாது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிதோறும் தேர்ந்தெடுத்த மன்றம் உண்டு. ஆறு பெற்றோர் அதில் இருப்பார்கள். தலைமையாசிரியரை நாலாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துவதே அந்த மன்றம்தான், வரவு செலவுக்கும் அதன் ஒப்புதல் வேண்டும். அங்கே பொறுப்போடு அதிகாரமும் சேர்ந்து வந்தது. நம் குழுவுக்குப் பொறுப்பு வந்த அளவு அதிகாரம் வரவில்லை.

இனி இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். இரும்பு உருக்கும் ஆலைகளும் உருட்டும் ஆலைகளும் வரிசையாக நிற்கும் சிப்காட் பகுதி. இங்கே ஒரு தகப்பனின் நாள் ஷிஃப்டைப் பொறுத்தது. காலை ஆறிலிருந்து இரண்டு ஏ ஷிஃப்ட். இரண்டிலிருந்து இரவு பத்து பி ஷிஃப்ட். அதற்குப் பிறகு நைட். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்றால், பி ஷிஃப்ட்காரர் மெஷின் முன்னால் நிற்பார், நைட் முடித்தவர் தூக்கத்தில் இருப்பார், ஜெனரல் ஷிஃப்ட்காரர் கேட்டைத் தாண்ட முடியாது. கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் தாய்க்கோ அரை நாள் விடுப்பு என்றால் அரை நாள் கூலி போச்சு. கூட்டத்துக்கு வராத பெற்றோரை அக்கறையில்லாதவர்கள் என்று சொல்வது எளிது. அந்தப் பேச்சில் எனக்குச் சம்மதமில்லை.

ஆள் சேராத கூட்டத்தின் தீர்மானப் புத்தகம் எப்படியிருக்கும்? தேதியும் நேரமும் சரியாக இருக்கும். கூட்டப் பொருள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலிருந்து வந்த சுற்றறிக்கையின் வரிசையிலேயே இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது'. கையெழுத்துகள் மட்டும் வேறு வேறு மையில் இருக்கும். புத்தகம் வீடு வீடாகப் போய் வந்ததன் அடையாளம் அது. உண்மையாகக் கூடிய கூட்டத்தின் பக்கம் வேறு மாதிரி. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் மதியத்துக்கு மேல் வருவதில்லை, நெடுஞ்சாலையைப் பிள்ளைகள் கடக்கும் இடத்தில் வேகத்தடை வேண்டும், ஒன்பதாம் வகுப்பில் ரெண்டு பையன்கள் மூன்று வாரமாக வரவில்லை, பட்டறை வேலைக்குப் போவதாகக் கேள்வி என்று அந்தப் பக்கத்தில் ஊர் பேசும். கடைசியில் சொன்ன வரி ஒன்றுக்காகவே இந்தக் குழு இருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தின் பெற்றோர் எல்லோரும் ஒரே மொழிக்காரர்களும் அல்ல. ஆந்திர எல்லை ஊர்களில் தெலுங்கு வீடுகள், செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள், ஆலைகளில் பீகாரிலிருந்து வந்தவர்கள், கும்மிடிப்பூண்டி முகாமில் பல ஆண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழர்கள். நலிந்தவர்களுக்கு விகிதப்படி இடம் என்று சட்டம் சொன்னதன் முழுப் பொருளும் இங்கேதான் சோதனைக்கு வரும். ஒடியா பேசும் ஒரு தாயைக் குழுவில் சேர்த்தால் மட்டும் போதாது; கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள் என்று அவள் காதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளுக்கும் பெற்றோர் குழுவைச் சட்டத்திலேயே எழுதட்டும். தொழிற்பேட்டைப் பள்ளிகளில் கூட்ட நேரத்தை அந்தந்தக் குழுவே, மாலையோ ஞாயிற்றுக்கிழமையோ, முடிவு செய்ய விடட்டும். கூட்ட நாளில் அரை நாள் சம்பளத்தோடு விடுப்புத் தர ஆலைகளிடம் தொழிலாளர் துறை பேசட்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளிக்கு அடுத்த முறை போகும்போது, தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: சார், எஸ்.எம்.சி. தீர்மானப் புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா? பார்ப்பதற்கு நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.