கேட்க வைத்த உறைகள்

கடையில் அடுக்கி வைத்திருக்கும் இசைத்தட்டு தானாகப் பாடிக் காட்டாது. மாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்கலாம்; புதுப் பாட்டை அப்படி வாங்க வழியில்லை. பெரிய கடைகளில் தட்டைப் போட்டுக் கேட்கச் சிற்றறைகள் இருந்தன. ஆனால் எந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவது என்பதைக் கண்தான் முடிவு செய்தது. காதுக்கான சரக்கைக் கண்ணிடம் விற்க வேண்டிய இந்த நிலைதான் இசைத்தட்டு உறையின் வரலாற்றையே நடத்திச் சென்றது.

முதல் முப்பது நாற்பது ஆண்டுகளில் கம்பெனிகள் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள் பழுப்புக் காகித உறையில் வந்தன. நடுவில் வட்டமாக ஓட்டை. அதன் வழியே தட்டின் லேபிளைப் படித்துக்கொள்ள வேண்டும். பாடகரின் பெயர் உறையில் இருக்காது, கம்பெனியின் பெயர்தான் இருக்கும். 1902இல் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்தபோது, பாடகி கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஜெர்மனியின் ஹனோவரில் தட்டு அச்சிடும் தொழிலாளர்கள் யாருடைய பாட்டு என்று தெரிந்து லேபிள் ஒட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. கேட்பவர்களுக்கோ அதுவே விளம்பரமாகிவிட்டது. அவருடைய படம் தீப்பெட்டிகளில் ஏறியது. இசைத்தட்டின் உறையில் ஏறவில்லை.

நீண்ட சிம்பொனிகளைப் பல தட்டுகளில் பதித்து, கெட்டி அட்டைக்குள் புத்தகம் போலத் தைத்து விற்றார்கள். அந்த அட்டைகளும் சாம்பல், பழுப்பு, கரும்பச்சை என்றே இருந்தன. முதுகில் மட்டும் பொன்னெழுத்து. கடைக்காரர்கள் இவற்றைக் கல்லறைக் கற்கள் என்று கேலி செய்தார்கள். இந்தக் கற்களை உடைத்தவர் புரூக்ளினில் 1917இல் பிறந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். கொலம்பியா கம்பெனியில் 1939இல் கலை இயக்குநராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. அட்டையில் படம் போட்டால் தட்டு விற்கும் என்று நிர்வாகத்திடம் வாதாடினார். அச்சுச் செலவு கூடும் என்று தயங்கியவர்கள் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

முதல் அட்டை 1940இல் வந்தது: ராட்ஜர்ஸ்–ஹார்ட் இணையின் நாடகப் பாடல்கள். ஸ்டைன்வைஸ் நியூயார்க்கின் இம்பீரியல் அரங்குக்குப் போய், முகப்பு விளக்குப் பலகையிலிருந்த எழுத்துகளைக் கழற்றி, அங்கே இந்தத் தொகுப்பின் பெயரைச் சிறிது நேரம் வைக்கச் சொல்லிப் புகைப்படம் எடுக்க வைத்தார். அதுதான் அட்டை. பழைய பீத்தோவன் பதிவு ஒன்றுக்குப் புது அட்டை போட்டதும் விற்பனை 895 விழுக்காடு உயர்ந்தது என்று நியூஸ்வீக் இதழ் எழுதியது. இசையில் ஒரு சுரம்கூட மாறவில்லை என்பதை நினைத்தால், உறை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1948இல் கொலம்பியா நீண்டநேரத் தட்டை, அதாவது எல்.பி.யைக் கொண்டுவந்தபோது இன்னொரு வேலையும் ஸ்டைன்வைஸிடம் வந்தது. கெட்டிப் பழுப்புத் தாளை மடித்துச் செய்த உறை, மென்மையான வினைல் தட்டின் மேல் தடம் பதித்துக் கெடுத்தது. மெல்லிய அட்டையின் மேல் அச்சிட்ட தாளை ஒட்டி அவர் ஓர் உறையை உருவாக்கினார். பன்னிரண்டு அங்குலச் சதுரமான அந்த உறைதான் பிறகு உலகம் முழுவதும் வழக்கமாயிற்று. வடிவமைப்பாளனுக்கு ஒரு சுவரொட்டிக்குரிய இடம் கிடைத்தது.

இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கடைக்கு வருபவரை விட முக்கியமான வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார்: வானொலியில் தட்டு போடுகிறவர். அவருடைய மேசையில் வாரந்தோறும் புதுத் தட்டுகள் குவியும். அவற்றில் சிலவற்றைத்தான் கேட்டுப் பார்க்க நேரமிருக்கும். 1950களில் அமெரிக்கக் கம்பெனிகள் இதற்குக் குறுக்குவழி கண்டன. பணத்தைக் கொடுத்துப் பாட்டைப் போடச் சொன்னார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்து, பணம் வாங்கியதை நேயர்களிடம் சொல்லாமல் பாட்டு போடுவது 1960இல் குற்றமாக்கப்பட்டது. ராக் அண்ட் ரோல் இசையைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்த ஆலன் ஃபிரீட் இதில் சிக்கித் தொழிலையே இழந்தார். லஞ்சம் அதோடு ஒழிந்துவிடவில்லை என்றாலும், வெளிப்படையாகச் செய்யக்கூடிய தந்திரங்களுக்கு மதிப்பு கூடியது.

அந்தத் தந்திரங்களில் சில மிக எளியவை. விற்பனைக்கு அல்ல என்று வெள்ளை லேபிளில் அச்சிட்ட தனிப் பிரதிகள் நிலையங்களுக்குப் போயின. சிறு தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. கம்பெனி நினைத்த பக்கத்தை விட்டு மறுபக்கத்தை அறிவிப்பாளர் போட்டுவிடுவது அடிக்கடி நடந்தது. 1954இல் பில் ஹேலியின் புகழ்பெற்ற ராக் பாட்டு மறுபக்கத்தில் கிடந்த பாட்டுதான். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் இதைத் தடுக்க மறுபக்கத்தில் ஒன்றுக்கும் உதவாத வாத்திய இசையைப் போட்டு வைத்தார். 1960களின் இறுதியில் கம்பெனிகள் இன்னும் நேரான வழிக்கு வந்தன: இரண்டு பக்கத்திலும் ஒரே பாட்டு, ஒன்று மோனோ, மற்றது ஸ்டீரியோ.

உறையைக் கழற்றுவதும் ஓர் உத்தி. கார்ட்டூன் பாத்திரங்களின் குழுவான ஆர்ச்சீஸின் ‘சுகர், சுகர்’ பாட்டை 1969இல் வானொலிக்காரர்களுக்குக் குழுவின் பெயரைச் சொல்லாமலே போட்டுக் காட்டினார்கள். குழந்தைகள் சமாசாரம் என்று தெரிந்தால் அவர்கள் காது கொடுக்கமாட்டார்கள் என்ற பயம். அதே குழுவின் பாட்டுகளைக் குழந்தைகளுக்குக் கொண்டுபோக, காலை உணவுத் தானியப் பெட்டியின் பின் அட்டையிலேயே தட்டாகப் பதித்தார்கள்; கத்தரியால் வெட்டியெடுத்துப் போட்டுக் கேட்கலாம். ஒரே குழுவுக்கு ஓரிடத்தில் முகத்தை மறைத்தார்கள், இன்னோரிடத்தில் பெட்டியின் மேலேயே ஒட்டினார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு ‘சுகர், சுகர்’தான். தாள் போல வளையும் இத்தகைய மெல்லிய தட்டை எந்த இதழுக்குள்ளும் வைத்து அனுப்பலாம் என்பது அதன் பெரிய வசதி. 1979 ஜனவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் திமிங்கிலங்களின் பாட்டை இப்படி வைத்து 1 கோடியே 5 லட்சம் பிரதிகள் அனுப்பியது.

கடைக்கான உறை 1967இல் வேறு பாதைக்குத் திரும்பியது. அதுவரை பார்ப்பதற்காக இருந்த அட்டை கையால் ஏதாவது செய்வதற்கானதாக மாறியது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் முதல் தட்டில் ஆண்டி வார்ஹால் வரைந்த வாழைப்பழத்தின் தோலை உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புப் பழம் தெரியும். அதே ஆண்டு பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ தட்டில் வெட்டி ஒட்டிக்கொள்ளும் மீசையும் பட்டாளச் சின்னங்களும் இருந்தன. பாட்டு வரிகள் முழுவதும் பின்னட்டையில் இருந்தன. பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் அமைத்த அந்தக் கூட்டப் படத்துக்கு ஆன செலவு 3,000 பவுண்டை நெருங்கியது. வழக்கமான அட்டைக்கு 50 பவுண்டு போதும். அந்தக் கூட்டத்தில் காந்தியும் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும், விற்பனை கெடும் என்று இ.எம்.ஐ. தலைவர் ஜோசப் லாக்வுட் வற்புறுத்த, காந்தியின் உருவத்தை மறைத்துவிட்டார்கள்.

பிறகு போட்டி மூண்டது. ஸ்மால் ஃபேசஸ் குழு 1968இல் புகையிலை டப்பா போன்ற வட்ட உறையில் தட்டை வைத்தது. லெட் செப்பலினின் மூன்றாம் தட்டில் (1970) உள்ளே சுழலும் சக்கரம்; திருகினால் துளைகளில் வேறு வேறு படம் வரும். 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ அட்டையில் ஜீன்ஸ் காற்சட்டையின் படமும் அதில் உண்மையான ஜிப்பும் இருந்தன. யோசனை வார்ஹாலுடையது, செய்து முடித்தவர் கிரெய்க் பிரான். கடைகளுக்குப் போன கட்டுகளில், ஒரு தட்டின் ஜிப் அடுத்த தட்டை அழுத்திப் பள்ளமாக்கியது. சரியாக ஒரு பாட்டு கெட்டுப் போயிற்று. பிரான் கண்ட தீர்வு: பெட்டியில் அடுக்குமுன் ஜிப்பைப் பாதிவரை இறக்கிவிடுவது. அப்போது அழுத்தம் தட்டின் நடுவிலுள்ள லேபிளில் விழும், பாட்டு தப்பிக்கும். பாட்டைக் கேட்க வைக்கச் செய்த உறையே பாட்டைக் கெடுத்த முதல் பெரிய கதை இது.

இந்தியத் திரைப்பாடலுக்கு இந்தப் போட்டி தேவைப்படவில்லை. படமே பாட்டுக்கு விளம்பரம், பாட்டே படத்துக்கு விளம்பரம். தட்டின் அட்டையில் நாயகன் நாயகியின் படம் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் உறையின் வேலையைச் செய்தது கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். மலிவுத் தாளில் பாட்டு வரிகளும் கதைச் சுருக்கமும் அச்சிட்டு, முக்கியமான திருப்பத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பார்கள். தட்டும் கிராமபோனும் வாங்க வசதியில்லாத வீடுகளில் பாட்டு மனப்பாடமானது இந்தப் புத்தகத்தின் மூலமாகவும்தான். அட்டைக்கு லட்சக்கணக்கில் செலவழித்த எந்த வடிவமைப்பாளரும் இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு சாதித்ததில்லை.

1970களின் இறுதியில் பிரிட்டனில் சில கம்பெனிகள் உறை விளையாட்டை உச்சத்துக்குக் கொண்டுபோயின. பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவின் ‘மெட்டல் பாக்ஸ்’ (1979) சினிமாச் சுருள் வைக்கும் தகர டப்பாவில் வந்தது. மூன்று தட்டுகள் இறுக்கமாக அடைந்திருந்ததால் கீறாமல் வெளியே எடுப்பதே பெரும்பாடு. மான்செஸ்டரின் ஃபேக்டரி கம்பெனி 1980இல் டுருட்டி காலம் குழுவின் தட்டை உப்புத்தாள் உறையில் வெளியிட்டது. அலமாரியில் பக்கத்திலிருக்கும் தட்டை அது அரித்துவிடும். வேடிக்கைதான், ஆனால் இந்த இடத்தில் உறை பாட்டை விட்டு விலகித் தன்னைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டது.

அதே ஃபேக்டரி வெளியிட்ட நியூ ஆர்டர் குழுவின் ‘புளூ மண்டே’ (1983) கதை வேறு. பீட்டர் சாவில் அதன் உறையைக் கணினி ஃபிளாப்பி வடிவில் செய்தார். உண்மையான ஃபிளாப்பியில் இருப்பது போலவே துளைகளும் வெட்டினார். குழுவின் பெயரோ பாட்டின் பெயரோ முன்னட்டையில் இல்லை. ஓரத்திலிருந்த வண்ணக் கட்டங்கள் சங்கேத எழுத்துகள். அவற்றைப் படிக்கும் சக்கரம் அடுத்து வந்த ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்தது. கருவிகளால் கோத்த அந்த இசைக்கு இதைவிடப் பொருத்தமான உறை இருக்க முடியாது. ஆனால் துளை வெட்டும் செலவு மிகுந்து, விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் கம்பெனி சில பென்னி இழந்தது என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான டோனி வில்சன் சொல்லி வந்தார். தொகை ஆளுக்கு ஆள் மாறுகிறது. பன்னிரண்டு அங்குல சிங்கிள்களில் மிக அதிகமாக விற்றது அதுதான். பின்னர் வந்த பதிப்புகளில் துளைகள் போய்விட்டன.

குறுந்தகடு வந்ததும் பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஐந்து அங்குலத்துக்குள் ஒடுங்கியது. அதிலும் சிலர் வழி கண்டார்கள். ஸ்பிரிச்சுவலைஸ்டு குழு 1997இல் தன் ஆல்பத்தை மாத்திரை அட்டை போலத் தகட்டுத்தாளில் அடைத்து, மருந்துச் சீட்டு நடையில் குறிப்பும் வைத்தது. அதே ஆண்டு ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ வந்தபோது அமெரிக்காவின் கேப்பிட்டல் கம்பெனி செய்தது இன்னும் கூர்மையானது. இதழாளர்களுக்கும் துறையினருக்கும் 1,000 கேசட் பிளேயர்களை அனுப்பியது. ஒவ்வொன்றிலும் ஆல்பத்தின் கேசட்டை வெளியே எடுக்க முடியாதபடி ஒட்டியிருந்தது. அந்தப் பிளேயரில் வேறு எதையும் கேட்க முடியாது. மேசைக் குவியலில் காணாமல் போகும் அபாயம், படி எடுத்துப் பரப்பும் அபாயம் இரண்டுக்கும் ஒரே பசை.

இணையத்தில் பாட்டு இலவசமாகக் கசியத் தொடங்கியதும் கசிவையே உறையாக்கினார் நைன் இஞ்ச் நெயில்ஸின் ட்ரென்ட் ரெஸ்னர். 2007 பிப்ரவரியில் லிஸ்பன் கச்சேரியின்போது கழிப்பறையில் ஒரு யு.எஸ்.பி. துண்டு கிடந்தது, அதில் வெளிவராத பாட்டு. கண்டெடுத்தவர் இணையத்தில் ஏற்ற, சில மணி நேரத்தில் பரவிவிட்டது. கலைஞரே விரும்பிக் கசியவிட்ட அந்தப் பாட்டை நீக்கச் சொல்லி அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் தளங்களுக்கு அறிவிக்கை அனுப்பியது. 2012 ஏப்ரல் 1 அன்று ராக் இசைக்கலைஞர் ஜாக் ஒயிட் தன் புதுப் பாட்டை 1,000 மெல்லிய தட்டுகளில் பதித்து, ஹீலியம் பலூன்களில் கட்டி, நாஷ்வில் நகரிலிருந்து வானில் விட்டார். மனிதர் கையில் சிக்கியவை கொஞ்சமே. செய்தியோ எல்லா இதழ்களிலும் வந்தது.

இன்று புதுப் பாட்டைக் கேட்க உறை தேவையில்லை, ஒரு தட்டல் போதும். ஆனாலும் உறை வைத்த தட்டு மீண்டும் விற்கிறது. அமெரிக்காவில் 2022இல் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, குறுந்தகடுகள் 3.3 கோடி, எண்ணிக்கையில் வினைல் முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல்முறை. அங்கே வினைல் வாங்குபவர்களில் பாதிப்பேரிடம்தான் தட்டு சுழற்றும் கருவி இருக்கிறது என்று இசை விற்பனையைக் கணக்கிடும் லுமினேட் நிறுவனத்தின் 2023 ஆய்வு தெரிவித்தது.