தொடக்க வகுப்பில் துணைநின்று கற்பித்தோர்: சட்டாம்பிள்ளை முதல் பாலசகி வரை – புணேயை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கல்வி வரலாற்றை எழுதுவோர் ஆசிரியர், மாணவர் என்னும் இருவரையே பெரிதும் நோக்குவர். தொடக்க வகுப்புகளிலோ இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவரும் தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளார். எழுத்துக்குக் கைபிடித்துக் கொடுப்பதும், பின்தங்கிய பிள்ளையை அருகிருத்திச் சொல்லித் தருவதும் அவர் பணிகள். நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கன் புலமை பெறும் வழியை வகுக்குமிடத்து, ஆசிரியரிடம் கேட்பதால் கால்பங்கும், உடன் பயில்வாரோடு பழகுவதால் கால்பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்கிறது. துணைநின்று கற்பிப்பவர் தாமும் கற்கிறார் என்பது இதனால் பெறப்படும். அவரிடம் கற்கும் பிள்ளைக்கு விளையும் பயன் யாது, அவர் உழைப்புக்குக் கிடைத்த மதிப்பு யாது என்னும் வினாக்களைப் புணே நகரின் கல்வி வரலாற்றை நடுவாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணைப் பள்ளியும் சென்னை முறையும்

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் வயதிலும் படிப்பிலும் முதிர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளை எனப்பட்டான். ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு (பொ.ஆ. 866) சாலையில் கற்ற தொண்ணூற்றைவரைச் சட்டர் எனக் குறிக்கிறது. சட்டாம்பிள்ளை என்னும் சொல்லை இதனோடு தொடர்புபடுத்திக் காண இடமுண்டு. கேரளச் சீர்திருத்தவாதி சட்டம்பி சுவாமிகள் (1853–1924) இளமையில் பள்ளியில் இப்பொறுப்பை ஏற்றதனாலேயே அப்பெயர் பெற்றார்.

இம்மரபை ஐரோப்பா அறிந்தது சென்னை வழியாகவே. 1789 முதல் எழும்பூர் ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் காப்பகத்தில் புகுத்த முயன்றபோது உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவனாகிய ஜான் பிரிஸ்கனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அது பயன் தரவே ஏனைய வகுப்புகளுக்கும் முறை விரிந்தது. 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலால் இது சென்னை முறை எனப் பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் தம் பள்ளிகளில் இதனையொத்த முறையைப் பரப்பினார்.

சென்னை ஆளுநர் மன்றோ 1822இல் கல்வி நிலை குறித்துத் தகவல் கேட்டபோது, பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவர் பின்னோர்க்குச் சொல்லித் தரும் நாட்டு முறையைப் பாராட்டினார். இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர்.

எனினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை ஆசிரியரின் கண்பார்வையில் ஒரு சிலர்க்குச் சொல்லித் தந்தான். இங்கிலாந்தில் அம்முறை ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை நடத்தும் சிக்கன வழியாயிற்று. துணை என்பது ஆசிரியருக்கு மாற்றாகத் திரிந்தது இங்கேயாம்.

புணேயில் ஒரு மாற்று வழி

புணேயில் 1821இல் அரசு ஆதரவில் வடமொழிக் கல்லூரி தோன்றியது. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அங்கு இடம்பெறவில்லை. 1848இல் புதவார்ப் பேட்டையிலுள்ள பிடே வாடாவில் ஜோதிராவ் புலே பெண்பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கினார். அங்குக் கற்பிக்க முன்வந்தவர் அவர் துணைவியார் சாவித்திரிபாய் (1831–1897). மணமானபோது எழுத்தறியாதிருந்த அவர், கணவரிடம் வீட்டில் கற்று, பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். துணையாக வந்தவர் முழு ஆசிரியராக வளர்ந்தமைக்கு இது தக்க சான்று.

அவரோடு பணியாற்றியவராக அறியப்படும் பாத்திமா ஷேக் பற்றிய செய்திகள் மிகச் சிலவே. 1856இல் நோயுற்றுத் தாய்வீட்டில் இருந்த சாவித்திரிபாய் கணவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் இல்லாமையால் பாத்திமாவுக்குச் சுமை மிகுந்திருக்கும், ஆயினும் அவர் முறையிடமாட்டார் என்னும் கருத்து வருகிறது. துணைநின்று கற்பித்தோரின் உழைப்பு ஆவணங்களில் எத்துணைக் குறைவாகப் பதிவாகியுள்ளது என்பதற்கு இக்கடிதமே சான்றாகிறது.

1882இல் ஹண்டர் குழுவிடம் அளித்த முறையீட்டில் புலே, உழவர் தரும் வரிப்பணம் உயர்கல்விக்குச் செல்வதையும் தொடக்கக் கல்வி புறக்கணிக்கப்படுவதையும் கண்டித்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சி பெற்றவராகவும், இயன்றவரை உழுகுடியிலிருந்து வந்து மக்களோடு கலந்து பழகுபவராகவும் இருத்தல் வேண்டும் என்றார். மாத ஊதியம் பன்னிரண்டு ரூபாய்க்குக் குறையலாகாது, பெரிய ஊர்களில் பதினைந்தோ இருபதோ தரல் வேண்டும் என்றார். பிள்ளையின் சூழலை அறிந்தவரே பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும், அதற்குரிய பயிற்சியும் ஊதியமும் அவருக்கு வேண்டும் என்பது இதன் சாரம். செலவைக் குறைக்கும் நோக்கில் வளர்ந்த சட்டாம்பிள்ளை முறைக்கு இது நேர் எதிரானது.

அங்கன்வாடியும் பாலசகியும்

புணே மாவட்டம் மோர்காவில் 1910இல் பிறந்த அனுதாய் வாக், இளமையிலேயே கைம்மை எய்திப் புணேயில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். 1945இல் தாராபாய் மோடக்குடன் இணைந்து போர்டி என்னும் சிற்றூரில் மழலையர் கல்வியைத் தொடங்கினார். பின்னர் கோஸ்பாடில் பழங்குடிப் பிள்ளைகள் தம்பி தங்கையரைச் சுமந்ததால் பள்ளிக்கு வர இயலாமை கண்டு, காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தனர். சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால்தான் அதன் அக்காள் எழுத்துக் கற்க முடியும் என்பது அங்கு உணரப்பட்டது. 1975இல் நடுவணரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் பணியாளரோடு உதவியாளரும் அமர்த்தப்பட்டனர். எனினும் இவர்கள் பெறுவது ஊதியம் அன்று, மதிப்பூதியமே. இவர்களுக்குப் பணிக்கொடை உரியது என உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

மும்பையில் 1994இல் தோன்றிய பிரதம் அமைப்பின் பாலசகித் திட்டம் இவ்வரிசையில் அடுத்தது. பாலசகி என்பதற்குக் குழந்தையின் தோழி என்பது பொருள். அப்பகுதியிலேயே வாழும் இளம்பெண்கள், மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து முதல் இருபது பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணிநேரம் தனியே அமர்த்திக் கற்பித்தனர். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் பானர்ஜி, கோல், டுஃப்ளோ, லிண்டன் ஆகியோர் நிகழ்த்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டில் தேர்ச்சி 0.28 திட்ட விலக்கம் உயர்ந்ததாகக் காட்டியது. பாலசகியிடம் சென்ற பிள்ளைகளே முன்னேறினர். வகுப்பில் எஞ்சியோர் எண்ணிக்கை குறைந்தும் அவர்கள் நிலையில் மாற்றமில்லை. வகுப்பைச் சிறிதாக்குவது மட்டும் போதாது, பிள்ளையின் நிலைக்கேற்பக் கற்பித்தலே பயன் தந்தது என்பது இதனால் தெளியப்படும். இப்பெண்கள் பெற்ற மாதத் தொகையோ 500 முதல் 750 ரூபாயே. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் தன்னார்வலர்க்கு மாதம் ஆயிரம் ரூபாயே வழங்கப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொடக்க வகுப்பில் துணைநின்று கற்பிக்கும் மரபு நம் மண்ணுக்குரியது. ஐரோப்பாவுக்கும் அது இங்கிருந்தே சென்றது. இரண்டாவது, பிள்ளையின் சூழலை அறிந்தவர் சிறு குழுவில் கற்பிக்கும்போது அது பயன் தருகிறது. ஆசிரியருக்கு மாற்றாக அவரை நிறுத்தும்போது சிக்கனமே எஞ்சுகிறது. மூன்றாவது, இப்பணியைச் செய்தோரில் பெரும்பாலோர் அண்மைக்காலத்தில் பெண்களே. புலே 1882இல் கேட்ட பயிற்சியும் ஊதியமும் அவர்களுக்கு இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. அங்கன்வாடி உதவியாளரையும் தன்னார்வலரையும் ஆசிரியப் பணிக்கு உயர்த்தும் படிநிலை ஒன்றை வகுப்பதற்குச் சாவித்திரிபாயின் வாழ்வு முன்மாதிரியாக அமையும்.