குளிர் மைதானத்துச் சட்டி: சமைத்தவர்கள் யார், பெயர் வாங்கியவர்கள் யார்?

இம்முறை எனது வரலாற்றுப் பதிவு சாப்பாட்டுப் பக்கம் திரும்புகிறது. கொஞ்சம் நீளம்தான். பசியோடு இருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து வாசியுங்கள்.

அமெரிக்கர்கள் உதைபந்தாட்டம் என்று சொல்வது நமது பிள்ளைகள் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல. நீள்வட்டப் பந்து, தலைக்கவசம், முட்டி மோதல் என்று அது வேறு விளையாட்டு. 1869 நவம்பர் 6ஆம் திகதி ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் மோதிய ஆட்டத்தையே அதன் முதலாவது கல்லூரிப் போட்டியாகக் கணக்கெடுக்கிறார்கள். இன்றும் அதன் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி, பனி கொட்டும் மாதங்களுக்குள் போய் முடிகிறது. மைதானங்கள் பெரும்பாலும் திறந்த வெளி. மூன்று மணித்தியாலம் பனியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் வயிற்றில் ஏதாவது கனமாக இருக்க வேண்டாமா?

ஆகவே இரசிகர்கள் ஆட்டம் தொடங்குவதற்குப் பல மணித்தியாலங்கள் முன்பே வந்துவிடுவார்கள். வாகனத் தரிப்பிடத்தில் அடுப்பு மூட்டி, சட்டி வைத்து, சமைத்துச் சாப்பிட்டு, பக்கத்து வாகனக்காரருக்கும் ஒரு கோப்பை நீட்டுவார்கள். நாம் 'கப்' என்று சொல்லும் வாகனத்தின் பின்னால் கீழே இறங்கும் பலகை ஒன்று இருக்கிறதல்லவா, அதற்குப் பெயர் 'டெயில்கேட்'. அந்தப் பலகைதான் மேசை. அந்த விருந்துக்கும் அதே பெயரே நிலைத்துவிட்டது.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்பதற்கு அங்கே விரும்பிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1861 ஜூலை 21ஆம் திகதி, அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதலாவது பெரிய சண்டை வேர்ஜீனியாவில் நடந்தபோது, வாஷிங்டனிலிருந்து கனவான்கள் சிலர் சாப்பாட்டுக் கூடைகளோடு குதிரை வண்டியில் வேடிக்கை பார்க்கப் போனார்கள். அதுதான் முதலாவது டெயில்கேட் விருந்தாம். சம்பவம் உண்மை. ஆனால் மனிதர்கள் சாவதைப் பார்க்கக் கூடை கட்டிப் போனதை ஒரு நல்ல வழக்கத்தின் பிறப்பாகக் கொண்டாட எனக்கு மனமில்லை. அது குளிர்காலமும் அல்ல, விளையாட்டும் அல்ல.

எனக்குப் பொருத்தமாகத் தெரிவது 1866ஆம் ஆண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் சார்ள்ஸ் குட்நைட் என்ற மாட்டு வியாபாரி ஆயிரக்கணக்கான மாடுகளை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது. மேய்ப்பர்களுக்கு வழியெல்லாம் சோறு போட ஆள் வேண்டும், அடுப்பு வேண்டும். அவர் பழைய இராணுவ வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்பக்கத்தில் அறை அறையாகத் தடுத்த பெட்டியொன்றைப் பொருத்தினார். மா, அவரை, கோப்பி, உப்பிட்ட இறைச்சி எல்லாம் அதற்குள். பெட்டியின் கதவைக் கீழே இறக்கினால் அதுவே சமையல் மேசை. சக்கரத்தின் மேல் ஓடும் குசினி! இன்றைய இரசிகர் தன் வாகனத்தின் பின்பலகையை இறக்கும்போது, அறிந்தோ அறியாமலோ அந்த மேய்ப்பர்களின் சமையற்காரன் செய்ததையே செய்கிறார்.

பலகை அங்கிருந்து வந்தது. சட்டிக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது?

குளிர்கால மைதானங்களில் நிச்சயமாகக் காணக்கூடிய உணவு 'சில்லி'. முழுப்பெயர் ஸ்பானிய மொழியில் 'சில்லி கொன் கார்னே'. பொருள், இறைச்சியோடு மிளகாய். மாட்டிறைச்சி, காய்ந்த மிளகாய், சீரகம், பூண்டு எல்லாம் சேர்த்து மணிக்கணக்காக வேகவைத்த கெட்டிக் குழம்பு. நமது வீட்டு மாட்டிறைச்சிக் கறிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். உறவு வெறும் பேச்சுக்கல்ல. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் கொண்டுவரும் வரை இலங்கையிலோ இந்தியாவிலோ எவரும் அதைச் சுவைத்ததில்லை. நம்மவர்களின் காரம் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே கொடுத்து 'மிளகாய்' ஆக்கிக்கொண்டோம்.

இந்தச் சில்லியை ஊரறியச் செய்தவர்கள் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்து மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பொழுது சாயும் நேரம் நகரத்துச் சதுக்கங்களுக்குச் சட்டிகளோடு வருவார்கள். நீண்ட மேசை, வாங்கு, லாந்தர் விளக்கு, விறகடுப்பு. வண்டிக்காரன், சிப்பாய், வியாபாரி, ஊர் பார்க்க வந்த பணக்காரன் எல்லோரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து சில சதத்துக்குச் சாப்பிட்டார்கள். இனப் பாகுபாடு உச்சத்தில் இருந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. பத்திரிகைகள் அவர்களைச் 'சில்லி ராணிகள்' என்று எழுதின. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோவின் பெயரில் சில்லிக் கடையொன்றும் போடப்பட்டது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1890களில் டெக்சாஸிலேயே குடியேறியிருந்த வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜேர்மானியர் மிளகாயையும் சீரகத்தையும் சேர்த்து அரைத்துச் சில்லித் தூளாகப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினார். தகரப் பேணியில் அடைத்த சில்லியும் வந்தது. நாடு முழுவதும் பரவியது. ராணிகளுக்கோ 1930களின் பிற்பகுதியில் நகரத்தின் சுகாதார விதிகள் வந்து சேர்ந்தன. திறந்த வெளியில் சமைக்கக் கூடாது, பாத்திரம் இப்படிக் கழுவ வேண்டும், அப்படி மூட வேண்டும். இடையில் கொஞ்சக் காலம் மீண்டும் அனுமதித்தார்கள். 1940களில் எல்லாம் ஓய்ந்தது. சுத்தம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் கூரையும் போட்டுக் கொடுப்பது அவ்வளவு கஷ்டமான காரியமா? 1977இல் டெக்சாஸ் சட்டமன்றம் சில்லியை மாநிலத்தின் உத்தியோகபூர்வ உணவாக அறிவித்தது. அப்போது சதுக்கத்தில் பழைய ராணிகளின் சட்டி ஒன்றுகூட இல்லை.

நமது ஊர்ச் சந்திகளில் அப்பமும் இடியப்பமும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த உம்மாமார்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சரி, அடுப்புக்கு வருவோம். மைதானத்துக்கு விறகு கட்டிக்கொண்டு போக முடியாது. சிறு கட்டிகளாக அழுத்திய கரிதான் வசதி. அதைப் பரப்பியவர் கார் செய்த ஹென்றி போர்ட். அவருடைய ரீ மொடல் காரில் மரமும் நிறையச் சேர்ந்தது. மிச்சிகன் மாநிலத்தின் வடக்கில் காடு வாங்கி, மர ஆலை வைத்தார். சீவல், தூள், துண்டு என்று மலைபோலக் கழிவு சேர்ந்தது. எதையும் வீணாக்க விரும்பாத மனிதர். 1920களின் தொடக்கத்தில் அந்தக் கழிவைக் கரியாக்கிக் கட்டியாக அழுத்தும் தொழிற்சாலை கட்டினார். கரிக் கட்டியை அவர் கண்டுபிடிக்கவில்லை, அது முன்பே இருந்தது. ஆனால் கார் விற்கும் கடையிலேயே கரியையும் விற்றது அவருடைய மூளை. காரை வாங்கு, வெளியே போ, அங்கே சமைத்துச் சாப்பிடு! பின்னர் அந்தக் கம்பனி கைமாறி, காடு வாங்க உதவிய அவரது உறவினரின் பெயரில் கிங்ஸ்போர்ட் ஆனது. இன்றும் அமெரிக்க வாகனத் தரிப்பிடங்களில் அந்தப் பொதிகளைக் காணலாம்.

காற்று அடித்தால் நெருப்பு கட்டுப்படாது. அதற்கு வழி செய்தவர் சிக்காகோப் பக்கத்து உலோகத் தொழிலாளி ஜோர்ஜ் ஸ்டீவன். 1952இல், கடலில் மிதக்கவிடும் மிதவைக்காகச் செய்த உருண்டையை இரண்டாக வெட்டி, கீழ்ப் பாதியை அடுப்பாகவும் மேற்பாதியை மூடியாகவும் ஆக்கினார். அதே காலத்தில் பின்பலகை இறங்கும் நீண்ட குடும்பக் கார்கள் வீட்டுக்கு வீடு வந்தன. பலகை, சட்டி, கரி, மூடி எல்லாம் ஒன்றுசேர்ந்துவிட்டன.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்? 1967 டிசம்பர் 31. விஸ்கொன்சின் மாநிலத்தின் கிறீன் பே நகரம். ஆட்டம் தொடங்கும்போது வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை செல்சியஸ். மைதானத்துப் புல்லுக்கு அடியில் பதித்திருந்த சூடாக்கும் கம்பிகள் கைவிட்டன. நடுவரின் உலோக ஊதுகுழல் உதட்டில் ஒட்டிக்கொண்டது. பிறகு சத்தம் போட்டே ஆட்டத்தை நடத்தினார்கள். அப்படியும் ஏறக்குறைய 50,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். எதிரணி டெக்சாஸிலிருந்து வந்த டல்லாஸ். கடைசி விநாடிகளில் கிறீன் பே 21–17 என்று வென்றது. நுவரெலியாவில் ஜனவரி மாதம் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

விஸ்கொன்சின் ஜேர்மானியர் குடியேறிய பூமி. அங்கே சொசேஜஸ்தான் ராஜா. பெரும்பாலும் பன்றி இறைச்சி, அதைப் பியரில் வேகவைப்பார்கள். நமக்கு ஆகாத உணவு என்பதற்காக வரலாற்றிலிருந்து அதை வெட்டியெறிய முடியாது. ஒரு விஞ்ஞானத் தகவல் மட்டும்: மது உடம்பைச் சூடாக்கும் என்பது பொய்ச் சூடு. தோலுக்குக் கீழுள்ள இரத்தக் குழாய்களை அது விரிப்பதால் வெப்பம் வெளியேதான் போகிறது. உள்ளே சூட்டைக் கொடுப்பது சாப்பாடு.

பனிக்குப் பேர்போன பஃபலோ நகரத்துக் கோழிச் சிறகு வறுவலும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். 1964இல் தெரேசா பெலிசிமோ என்ற பெண் தன் குடும்ப உணவகத்தில், சூப்புக்குப் போடும் மலிவான சிறகைப் பொரித்து உறைப்புச் சோஸில் புரட்டினார் என்பது பிரபலமான கதை. அதே காலத்தில் அதே நகரத்தில் ஜோன் யங் என்ற கறுப்பின சமையற்காரரும் சிறகு விற்றுப் பெயரெடுத்திருந்தார். அவருடைய பெயர் மிகப் பிந்தியே பேசப்பட்டது.

இனி நமக்கு நெருக்கமான ஓர் ஊர்: மிச்சிகனில், போர்டின் பிரமாண்டமான தொழிற்சாலை இருக்கும் டியர்போர்ன். அந்த வேலையைத் தேடி லெபனானிலிருந்தும் யெமனிலிருந்தும் வந்த முஸ்லிம்கள் அங்கே வேரூன்றினார்கள். அங்குள்ள போர்ட்சன் உயர்தரப் பாடசாலையின் பெயரிலும் போர்ட் இருக்கிறார். மாணவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அரபு வம்சாவளியினர். 2010இல் பருவத்துக்கு முந்திய பயிற்சிக் காலமும் றமழானும் ஒன்றாக வந்தன. நோன்பு பிடித்த பிள்ளைகள் ஓகஸ்ட் வெயிலில் தலைக்கவசத்தோடு எப்படி ஓடுவது? பயிற்சியை இரவு 11 மணிக்கு மாற்றினார்கள். விளக்கு வெளிச்சத்தில் விடியப்புறம் வரை ஆடிவிட்டு, ஸஹர் சாப்பிட்டுப் படுத்தார்கள். அடுத்த ஆண்டு இந்த அணியைப் பற்றி ஆவணப்படமும் வெளிவந்தது. அந்த ஊரில் ஹலால் இறைச்சிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. குளிர் வந்தால் ஆட்டிறைச்சிக் கஃப்தாவும் பருப்புச் சூப்பும் அவர்களுக்குக் கைவந்த சமையல். மைதானத்துக்கு இவற்றைவிடப் பொருத்தமானது எது?

மலைநாட்டுப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தண்ணீர்ச் சூப்பு வெகு சீக்கிரம் ஆறும். கெட்டிக் குழம்பு ஆறச் சுணங்கும், மேலே மிதக்கும் எண்ணெய் ஆவியையும் அடக்கி வைக்கும். சில்லி வைப்பதென்றால் எலும்பில்லாத மாட்டிறைச்சியைச் சிறு துண்டாக வெட்டி, வறுத்து அரைத்த செத்தல் மிளகாய், சீரகம், பூண்டு, வெங்காயத்தோடு இரண்டு மூன்று மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் விடுங்கள். கனத்த அடியுள்ள சட்டியில் வைத்து, மூடி, பழைய கம்பளியால் சுற்றிக் கொண்டுபோனால் போதும். பானோடு நன்றாக இருக்கும். ஆள் கூடினால் அவித்த சிவப்பு அவரையைச் சேர்க்கலாம். டெக்சாஸ்காரர் யாரும் பக்கத்தில் இல்லாதவரை பிரச்சினை வராது. அவரை போட்டால் அது சில்லியே இல்லை என்று அவர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள்.