இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரையும்: ஒரு வரலாறு



நம் குடும்பங்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் பல வேளைகளில் சேர்ந்தே வருகின்றன. அழுத்த மாத்திரை சர்க்கரையைக் கூட்டும் என்று எவரோ சொல்லக் கேட்டு, மருத்துவரிடம் கூறாமலேயே அதை நிறுத்திவிடும் பெரியவர்களையும் காண்கிறோம். அப்பேச்சு முற்றிலும் பொய்யன்று, முழு உண்மையுமன்று. அது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் தெளிவு பிறக்கும்.

1936ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஹரோல்டு ஹிம்ஸ்வொர்த் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். நீரிழிவாளர் சிலரின் உடல் இன்சுலினுக்கு எளிதில் இணங்குகிறது. வேறு சிலரின் உடல் இணங்க மறுக்கிறது. இந்த இணக்கத்தையே இன்று இன்சுலின் உணர்திறன் என்கிறோம்.

1958இல் குளோரோதயசைடு என்னும் நீர் பிரிக்கும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. உயர் இரத்த அழுத்தச் சிகிச்சையில் அது பெரும் திருப்பம். ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதை உட்கொண்டோர் சிலருக்குச் சர்க்கரை உயர்வதை மருத்துவர்கள் கண்டனர். இவ்வகை மருந்து சிறுநீருடன் பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது. பொட்டாசியம் குறையும்போது கணையத்தின் இன்சுலின் சுரப்பும் தளர்கிறது.

அடுத்து, 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்பாரின் ஆய்வால் புரோப்ரனலால் வந்தது. பின்னர் 1988இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 'பீட்டா தடுப்பான்' எனப்படும் இவ்வகையின் பழைய மருந்துகள் எடையைச் சற்றுக் கூட்டி, இன்சுலின் உணர்திறனைக் குறைக்கக் கூடியவை. சர்க்கரை தாழும்போது எச்சரிக்கையாக வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இவை மறைத்துவிடும், வியர்வையை மறைப்பதில்லை. நோன்பு நோற்கும் நீரிழிவாளர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது மருந்தின் தொடக்கம் பாம்பின் நஞ்சு. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சில் செர்ஜியோ ஃபெரெய்ரா கண்டறிந்த பொருளே, 1970களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கேப்டோபிரில் மாத்திரையை உருவாக்க வழிகாட்டியது. நஞ்சிலும் நிவாரணத்தை வைத்த இறைவன் தூயவன்! 1989இல் சுவீடன் ஆய்வாளர்கள் இதனைத் தயசைடு மருந்துடன் ஒப்பிட்டனர். கேப்டோபிரில் இன்சுலின் உணர்திறனை உயர்த்தியது, தயசைடு குறைத்தது.

அப்படியாயின் பழைய மருந்துகள் தீயவையா? இதற்குப் பெரிய ஆய்வுகள் இரண்டு விடையளித்தன. பிரிட்டனில் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடைய 1,148 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1998இல் வெளியாயிற்று. அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியோரிடையே பக்கவாதம் 44 விழுக்காடும், நீரிழிவு சார்ந்த மரணம் 32 விழுக்காடும் குறைந்தன. கேப்டோபிரிலும், பீட்டா தடுப்பானாகிய அட்டெனலாலும் ஏறத்தாழ ஒரே அளவு பயனளித்தன.

2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 33,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். முன்பு நீரிழிவு இல்லாதோரில், நான்கு ஆண்டுகளில் புதிதாக அந்நோய்க்கு ஆளானோர் தயசைடு வகை மருந்தில் 11.6 விழுக்காடு, அம்லோடிபினில் 9.8, கேப்டோபிரிலின் இனமாகிய லிசினோபிரிலில் 8.1. எனினும் மாரடைப்பைத் தடுப்பதில் தயசைடு வகை மற்ற இரண்டுக்கும் பின்தங்கவில்லை.

ஆக, மருந்துகளிடையே வேறுபாடு உண்டு. ஆனால் கட்டுப்படாத அழுத்தம் விளைவிக்கும் கேடு அதனினும் பெரிது. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். செவிவழிச் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்துவது அந்த அமானிதத்தைப் பேணுவதாகாது. நம் வாப்பா, உம்மா உண்ணும் மாத்திரை எவ்வகையைச் சேர்ந்தது, அது சர்க்கரையைப் பாதிக்குமா, மாற்று தேவையா என்று மருத்துவரிடம் கேட்போம். ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே சென்று, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்தின் அளவையும் நேரத்தையும் அமைத்துக்கொள்வோம்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நிறைவான ஆரோக்கியத்தை வழங்குவானாக! ஆமீன்.