நலமானவர்களின் இதயத்தில் கண்ட கசிவு

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ உள்ள ஸ்கேன் மையத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொள்பவருக்குக் கிடைக்கும் எக்கோ அறிக்கையில், ‘மைல்ட் எம்.ஆர்.’, ‘ட்ரிவியல் டி.ஆர்.’ என்னும் குறிப்புகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. முன்னது, இதயத்தின் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வு வழியே இரத்தம் சிறிது பின்னோக்கிக் கசிவதையும், பின்னது வலப்புறத்து மூவிதழ் வால்வில் மிக அற்பமாக நிகழும் கசிவையும் குறிக்கும். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரை இக்குறிப்புகள் கலங்கவைப்பதற்கான காரணத்தை, நோயாளிகளுக்கென உருவான கருவியொன்று நலமானவர்களிடம் வந்து சேர்ந்த வரலாற்றில்தான் தேட வேண்டும்.

நோயில்லாதபோதே உடலைச் சோதித்துக்கொள்ளும் வழக்கம், பெரிய தனியார் மருத்துவமனைகள் எழுவதற்கு முன்பே தென்சென்னையில் ஒரு வடிவம் பெற்றிருந்தது. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவி, அடையாறை அடுத்த தரமணியில் மருத்துவமனையாக வளர்ந்த வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ், குடும்ப வருமானத்துக்கு ஏற்ற சந்தாவைப் பெற்றுக்கொண்டு, ஆண்டுப் பரிசோதனையையும் உள்ளடக்கிய மருத்துவ உதவித் திட்டத்தை நடத்தியது. எளியவருக்கும் எட்டும்படி அமைந்த அந்த முயற்சிக்கு நகரின் மருத்துவ வரலாற்றில் உரிய இடம் இன்னும் அளிக்கப்படவில்லை. 1983-இல் கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ மருத்துவமனை திறக்கப்பட்ட பின், ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாகப் பரவியது. காலப்போக்கில் எக்கோவும் அதில் சேர்ந்தது.

எக்கோ தோன்றியதோ வேறொரு தேவைக்காக. ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் கண்டறியும் கேளா ஒலிக் கருவியைக் கொண்டு 1953 அக்டோபர் 29 அன்று இதயத்தின் அசைவை முதன்முதலாகப் பதிவுசெய்தபோது, தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களில் யாருக்கு அறுவை தேவை என்பதை அறிவதே எட்லரின் நாட்டமாக இருந்தது. அத்தகைய நோயாளியிடம் கருவி காட்டிய ஒவ்வொரு குறைக்கும் பொருள் இருந்தது. நலமான இதயம் திரையில் எப்படித் தோன்றும் என்னும் அறிவோ மிகவும் தாமதமாகவே சேர்ந்தது.

அந்தத் தாமதத்தின் விளைவை ஈரிதழ் வால்வுப் பிதுக்கம், அதாவது வால்வின் இதழ் மேலறைக்குள் புடைத்து வளைதல், தெளிவாகக் காட்டுகிறது. ஜோஹன்னஸ்பர்க்கின் ஜான் பார்லோ 1963-இல் இதை விளக்கிய பின், எக்கோ பரவிய 1970-களிலும் 80-களிலும் நலமான இளம்பெண்கள் பலருக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. வால்வின் வளையம் தட்டையானதன்று, குதிரைச் சேணத்தைப் போல வளைந்தது என்பதையும், அதனால் ஒரு கோணத்தில் இயல்பான இதழும் பிதுங்கியதாகத் தோன்றும் என்பதையும் ராபர்ட் லெவைன் 1980-களின் பிற்பகுதியில் நிறுவினார். திருத்திய வரையறையுடன் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1999-இல் கணக்கிட்டபோது, பிதுக்கம் உள்ளோர் 2.4 சதவீதமே. இரத்த ஓட்டத்தின் திசையை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் முறை 1980-களில் வந்ததும் கசிவுகளும் இதே பாதையில் சென்றன: அதே ஃபிரேமிங்ஹாம் மக்களில் ஏறத்தாழ 19 சதவீதத்தினருக்கு, மைல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட ஈரிதழ் வால்வுக் கசிவு இருந்தது.

எனினும் அந்த எண்களை அப்படியே சென்னைக்குப் பொருத்திவிட இயலாது. ருமாட்டிக் காய்ச்சல் முற்றிலும் மறையாத இந்நாட்டில், சிறு கசிவு சில வேளைகளில் அந்நோய் விட்டுச்சென்ற தடமாகவும் இருக்கக்கூடும் என்பதால், இங்கு மருத்துவரின் தயக்கம் நியாயமானதே. உலக இதயக் கூட்டமைப்பு 2012-இல் வகுத்த அளவுகோல், கசிவின் பீற்று 2 சென்டிமீட்டர் நீளமாவது இருத்தல், இரு கோணங்களில் தெரிதல், இதயம் சுருங்கும் நேரம் முழுவதும் நீடித்தல், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தையேனும் எட்டுதல் ஆகிய நான்கும் கூடினால்தான் அதை நோய்க்குரியதாகக் கொள்கிறது; அத்துடன் இதழ்கள் தடித்துள்ளனவா, அசைவு தடைபட்டுள்ளதா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. அதனால், அறிக்கையின் கடைசி வரியில் நிற்கும் ‘மைல்ட்’ என்பதைவிட, இதழ்களின் தடிப்பையும் அறைகளின் அளவையும் கூறும் முந்தைய வரிகளே இதயநோய் மருத்துவருக்கு அதிகம் உணர்த்துகின்றன.