மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை

என் அம்மா மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஏம்மா நின்னுட்டே என்று கேட்டால், "ராசாசி லீவு வுட்டுட்டாரு, நான் திரும்பிப் போகல" என்பார். சின்ன வயதில் இதை அம்மாவின் நக்கல் என்றுதான் நினைத்தேன். வரலாறு படிக்கப் போன பிறகுதான் அதில் ஒரு அரசாங்கத் திட்டம் இருப்பது புரிந்தது.

1953 ஜூனில் சென்னை மாநிலத்தின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ராஜாஜி அரசு ஒரு மாற்றம் கொண்டுவந்தது. ஐந்து மணி நேரப் பள்ளி மூன்று மணி நேரமாகக் குறைந்தது. பிள்ளைகள் இரண்டு முறையாக வந்து போனார்கள். மீதி நேரத்தில் ஆண்பிள்ளை அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும். பெண்பிள்ளை அம்மாவிடம் சமையலும் வீட்டு வேலையும் கற்க வேண்டும். நகரத்துப் பள்ளிகளுக்கு இது கிடையாது. இருக்கிற வாத்தியார்களையும் கட்டடங்களையும் வைத்துக்கொண்டு இரண்டு மடங்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அரசு சொன்ன நியாயம். பணமில்லாத அரசின் கவலை அதில் இருந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அப்பன் தொழிலும் சாதியும் ஒன்றாகவே இருந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பது பெரியாருக்கும் அண்ணாவுக்கும் உடனே தெரிந்தது. குலக்கல்வி என்ற பெயர் எதிர்த்தவர்கள் வைத்தது. அந்தப் பெயர்தான் நின்றது.

எதிர்ப்பின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் மாநாடுகளையும் மறியல்களையும் சொல்வார்கள். அன்று முன்னின்ற தலித் பெண் சத்தியவாணி முத்து; 1967-ல் அமைச்சரானவர். அவர் பெயரைச் சொல்ல மறந்துவிடுவார்கள். திட்டத்தில் பெண்பிள்ளைக்கு என்று எழுதியிருந்த பாதியையும் யாரும் நின்று பார்ப்பதில்லை. என் அம்மா அந்தப் பாதியில் இருந்தவர்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் சேரி. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. மணி அடித்ததும் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சமையல் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டில் அம்மா இருந்தால்தானே? "எங்கம்மாவ வூட்ல பாக்கணும்னா ராத்திரிதான் பாக்கணும். நான் கயினிக்குத்தான் போவேன்" என்கிறார். ஆயா அடுத்தவர் நிலத்தில் நாற்று பறித்தார், நடவு நட்டார், களை எடுத்தார். அரசு மனதில் வைத்திருந்த தாய், வாசல் தெளித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் தெருவில் அப்படி ஒருத்தி இருந்ததில்லை. அதனால் அம்மா தன் தாயிடம் கற்றது கூலி வேலை. முதலில் மத்தியானத்துக்கு மேல். நடவு மும்முரமானதும் காலையிலிருந்தே. அரைக்கூலி வந்தது. அரைக்கூலி வர ஆரம்பித்த பிள்ளையை எந்த வீடு திருப்பி அனுப்பும்?

திட்டம் ஒரு வருஷம்கூட முழுசாக நிற்கவில்லை. ஆராய அமைத்த பருலேகர் குழு அதற்குச் சாதகமாகத்தான் சொன்னது. ஆனால் 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிக்கூடம் பழையபடி முழுநாள் ஆனது. அம்மா கயினியிலேயே இருந்தார். மதிய உணவு வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. பசிக்கு ஒரு வேளைச் சோறு அங்கே கிடைத்திருந்தால் திரும்பியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் பதில் சொல்வதில்லை.

எங்கள் ஊரைப் பார்க்க வருகிறவர்கள் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறார்கள். 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. ஊர்ச் சபைக்கு நிற்கிறவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் படிப்பு அதை ஈடுகட்டும். நிலமும் படிப்பும் ஒன்றுக்கொன்று மாற்று என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இரண்டும் இல்லாதவர்களின் கணக்கை 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் எழுதினார்: நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, படிப்பில்லை. அடுத்த வருஷம் பஞ்சமி நில ஆணை வந்தது.

அதே 1892-ல் அமெரிக்காவில் அன்னா ஜூலியா கூப்பர் என்ற கறுப்பினப் பெண் தன் கட்டுரைகளைப் புத்தகமாக்கினார். அடிமையாகப் பிறந்தவர். பிறகு வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனார். கறுப்பர்களுக்குக் கைத்தொழில் போதும் என்ற பேச்சு பலமாக இருந்த நேரம் அது. கூப்பர் லத்தீனையும் கணக்கையும் விடவில்லை. அவர் மாணவர்கள் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். 1906-ல் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஏனென்றால் என் கதையும் இருந்தது. 1986-ல் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு அறிவியல் பிரிவு கேட்டேன். பள்ளியில் என்னைத் தொழிற்பிரிவில், தையலில் போட்டார்கள். "உங்க பொண்ணுங்களுக்கு இதுதாம்மா ஒத்துவரும், சீக்கிரம் சம்பாதிக்கலாம்" என்றார் ஒரு ஆசிரியை. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அதுதான் கஷ்டம். அந்த வகுப்பில் காலனிப் பெண்கள் மட்டும் பதினொரு பேர். தையலை நான் வெறுக்கவில்லை. இன்றும் என் ஜாக்கெட்டை நானே தைக்கிறேன். தபாலில் வரலாறு படித்து, ஆசிரியை ஆனேன்.

இப்போது நான் முதல்வன் திட்டத்தில் பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்கிறோம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. ஆனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வேன்கள் எங்கள் ஊர் வரை வருகின்றன. பன்னிரண்டாவது முடித்த பெண்ணை அந்த மாதமே ஏற்றிக்கொண்டு போகின்றன. சம்பளம் உண்மைதான். நோக்கியா ஆலை 2014-ல் மூடியபோது வீடு திரும்பிய பெண்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். அவர்கள் கையில் அந்த ஆலைக்கு வெளியே செல்லுபடியாகும் தொழில் எதுவும் இல்லை. தொழில் சார்ந்த கல்வி என்று யாராவது ஆர்வமாகப் பேசினால் நான் முதலில் கேட்பது, வேண்டாம் என்று ஒரு பெண் திரும்பி வந்தால் மற்ற கதவுகள் திறந்திருக்குமா என்பதைத்தான்.

போன மாதம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நூறு நாள் வேலைக்குப் போகிறவரின் மகள், சர்வேயர் ஆக வேண்டும் என்றாள். ஏரி வேலையில் அளக்க வந்தவரைப் பார்த்தாளாம். பிளஸ் டூ அறிவியல் எடு, இன்ஜினியரிங் போகலாம் என்று நான் பேசிப் பார்த்தேன். "ஐடிஐ-ல ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாமாமே டீச்சர்?" என்றாள். நான் தைத்த ஜாக்கெட்டோடு நின்றுகொண்டு அவளை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஐடிஐ முடித்தால் டிப்ளமோவுக்கு எப்படிப் போவது என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டு போனாள்.