மாவட்ட ஆங்கிலத் தேர்ச்சி அளவீடு
பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியை மாவட்டவாரியாகக் கணிக்கும் முறை. பிரதம் அமைப்பு 2005-இல் தொடங்கிய ‘ஆசர்’ ஆய்வு, சில ஆண்டுகளில் ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொண்டது. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ஒரு தாளை நீட்டுவார்: பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சின்னச் சொல், எளிய வாக்கியம். தடுமாறாமல் எந்தப் படிவரை வாசிக்கிறதோ, அதுவே பிள்ளையின் நிலை. வாசித்ததற்குப் பொருளும் கேட்பார். உண்மையான சோதனை அங்கேதான். மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. ஊரக ஆய்வு என்பதால், தமிழர் திரளாக வாழும் பெங்களூரு ஸ்ரீராம்புரத்துக்கு அந்தத் தாள் வருவதில்லை. 2021 நவம்பர் 12-இல் நடந்த தேசிய அடைவு ஆய்வு நகரப் பள்ளிகளுக்கும் போனது. ஆனால் ஆங்கிலத் தேர்வு 10-ஆம் வகுப்புக்கு மட்டும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், புத்தகத்தில் ஆங்கிலம் என வளரும் பிள்ளையை மாவட்டச் சராசரி தனியே காட்டாது.